ஆறாம் வகுப்புக்குப் போன பையனுக்குத் தினமும் பதினோரு மணிக்கு வயிறு வலிக்கிறது: டியூஷனா, ஊருக்கு அனுப்புவதா?

டெல்லி திரிலோக்புரியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி இது. பையன் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியில் படித்தான். ஏப்ரலில் டெல்லி அரசின் ஆண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு, மதிய ஷிப்ட். கோடை விடுமுறைக்குச் சேலம் போய்விட்டு ஜூலை இரண்டாம் வாரம்தான் திரும்பினார்கள். அன்றிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு வயிறு வலிக்கிறது என்கிறான். வாயாடியாக இருந்தவன் இப்போது கேட்டால் மட்டும் பதில் சொல்கிறான். ஹிந்தியிலும் கணக்கிலும் பின்தங்கியிருக்கிறான் என்று வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். அம்மா அப்பா இருவரும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். டியூஷன் சேர்க்கலாமா, இல்லை சேலத்தில் பாட்டியிடம் விட்டு அங்கேயே படிக்க வைக்கலாமா என்று கேட்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். சேலம் வேண்டவே வேண்டாம்.

டெல்லியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுத்தவள் நான், இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாக வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வரும் சிக்கலுக்கு ஒரு வரிசை உண்டு. நேரம் மாறுவது முதலில், அப்புறம் வயிறு, அப்புறம் கூட இருக்கும் ஆட்கள். பாடம் கடைசியில்தான் வரும். ஆனால் பெற்றோர் கண்ணுக்கு முதலில் படுவது பாடம்தான், ஏனென்றால் டீச்சர் அதை மட்டும்தான் சொல்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு டியூஷன் வைத்தால், ஏற்கெனவே களைத்துப்போன பிள்ளைக்கு இன்னொரு அறை, இன்னொரு அந்நிய ஆள் என்று சுமைதான் கூடும்.

நேரத்திலிருந்து ஆரம்பிப்போம். மாநகராட்சிப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு டெல்லி அரசுக் கல்வி இயக்ககத்தின் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே இட நெருக்கடி. பல இடங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் பெண்கள் பள்ளி, மதியம் ஆண்கள் பள்ளி. மதியம் ஒரு மணி வாக்கில் தொடங்கி ஆறு, ஆறரைக்கு விடுவார்கள். ஐந்து வருடம் காலையில் எழுந்து குளித்து ஓடிப் பழகிய பையனுக்குத் திடீரென்று காலை முழுக்கக் காலியாகிவிட்டது. நீங்கள் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறீர்கள். எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை அவன் என்ன செய்கிறான்? டிவி இருந்தால் டிவி, இல்லையென்றால் படுக்கை. பதினோரு மணி வரை மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்து ‘இன்னும் கொஞ்ச நேரத்துல போகணும்’ என்று யோசித்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். காலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பயப்பட நேரமே இருக்காது, தூக்கக் கலக்கத்திலேயே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். மதிய ஷிப்ட் பிள்ளைக்குப் பயப்பட ஒரு முழுக் காலை கிடைக்கிறது. அந்தப் பதினோரு மணி வலி நடிப்பாக இருக்காது. வலி நிஜம்தான். அதை ‘டிராமா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் எழும்போதே அவனையும் எழுப்புங்கள், உங்களோடு சேர்ந்து சாப்பிடட்டும். ஒன்பதிலிருந்து பத்தரை வரை முந்தின நாள் வீட்டுப்பாடமும் வாசிப்பும். மதிய ஷிப்டில் இருக்கும் ஒரே லாபம் இதுதான்: தெளிந்த தலையோடு காலையில் வீட்டுப்பாடம் செய்யலாம், ராத்திரி ஏழு மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டு செய்ய வேண்டாம். பத்தரைக்குமேல் தெருவில் விளையாடட்டும். வலி வருகிற பதினோரு மணிக்கு வீட்டில் தனியாக இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம். உங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அதே பள்ளிக்குப் போகும் இன்னொரு பையன் வீட்டில் ஒரு அத்தையோ பாட்டியோ இருப்பார்கள். பதினொன்றரைக்கு அங்கே போய்ச் சாப்பிட்டு, சீருடை மாட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகக் கிளம்பட்டும். மாதம் ஒரு தொகை கொடுத்தாலும் சரி, டியூஷன் பணத்தைவிட அது நல்ல செலவு.

ராத்திரி பத்து மணிக்குள் படுத்துவிட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காலையில்தான் பள்ளி இல்லையே என்று நடுராத்திரி வரை போன் பார்க்க விட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

அடுத்தது வயிறு. இதைப் பெற்றோர் கேட்பதே இல்லை, பிள்ளைகளும் சொல்வதில்லை. பெரிய பள்ளியில் கழிப்பறைக்குப் பெரிய வகுப்புப் பையன்கள் கூட்டமாக வருவார்கள். பதினோரு வயதுப் பையன் உள்ளே போகக் கூச்சப்படுவான், இல்லை பயப்படுவான். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டான். ஐந்தரை மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் கழிப்பறைக்கு ஓடுகிறானா என்று ஒரு வாரம் கவனியுங்கள். தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். டெல்லி ஜூலைப் புழுக்கத்தில் இப்படி இருந்தால் தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் வரும். அப்படியிருந்தால் இடைவேளை மணி அடித்த உடனே போகாமல், வகுப்பு நடக்கும்போது அனுமதி கேட்டுப் போகச் சொல்லுங்கள், அப்போது கூட்டம் இருக்காது. வகுப்பாசிரியரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் விடுவார்கள். மதிய உணவுத் திட்டம் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உண்டு. ஆனால் அவன் அதைச் சாப்பிடுகிறானா, கூட்டத்துக்குள் போகப் பயந்து சும்மா இருக்கிறானா என்று கேளுங்கள்.

இப்போது ஆட்கள். இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மாநகராட்சிப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுப்பார். இவன் எப்போது சோர்ந்திருப்பான், எந்தத் தங்கச்சி எந்த வகுப்பு, அப்பா என்ன வேலை, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பீரியடுக்கு ஒருவர் வருகிறார். ஒவ்வொருவருக்கும் இப்படி நாலைந்து வகுப்பு. ஐம்பது பேர் இருக்கும் அறையில் உங்கள் பையன் பேர் மனதில் பதிய ஆகஸ்ட் ஆகிவிடும், சில பேருக்கு தீபாவளியே ஆகும். யாரும் கெட்டவர்கள் இல்லை, எண்ணிக்கை அப்படி. போன வருடம் பள்ளியிலேயே பெரிய பையனாக இருந்தவன் இன்று பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கும் கட்டடத்தில் எல்லாரையும்விடச் சின்னவன். அவனை முழுசாகத் தெரிந்த ஒரு பெரியவர்கூட அங்கே இல்லை. வாயாடிப் பிள்ளை வாயடைத்துப் போவது இதனால்தான், ஹிந்தி தெரியாததால் இல்லை. திரிலோக்புரியில் வளர்ந்தவனுக்குத் தெரு ஹிந்தி உங்களைவிட நன்றாகவே வரும்.

ஆகவே உங்கள் முதல் வேலை, அந்தப் பள்ளியில் அவனைத் தெரிந்த ஒரு பெரியவரை உண்டாக்குவது. வகுப்பாசிரியராக இருந்தால் நல்லது, விளையாட்டு ஆசிரியராக இருந்தாலும் போதும். பெற்றோர் கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்று உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம், அதிலும் மார்க்கைத்தான் பேசுவார்கள். அரைநாள் லீவு போட்டு, ஷிப்ட் தொடங்குமுன் போய்ப் பாருங்கள். புகாரோடு போகாதீர்கள். ‘பையனுக்குக் கணக்கு பிடிக்கும், கேரம் நன்றாக ஆடுவான், கூட்டத்தில் பேசக் கூச்சம், இந்த மாதம் வயிற்று வலி இருக்கிறது’ என்று நாலு விஷயம் சொல்லிவிட்டு வாருங்கள். கரும்பலகை அழிப்பது, நோட்டுகளை ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துப்போவது மாதிரி ஏதாவது ஒரு சின்ன வேலை அவனுக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அது பெரிய மருந்து. என் வகுப்பில் பேசாமல் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நோட்டுக் கட்டு தூக்கித்தான் பேச ஆரம்பித்தார்கள்.

உங்களுக்கு ஹிந்தி சரளமாக வராது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பையனையே மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். டெல்லித் தமிழ் வீடுகளில் இது சர்வசாதாரணம்: டீச்சர் ஹிந்தியில் பையனைக் குறை சொல்வார், அதை அவனே தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். ஒன்று பாதியை முழுங்குவான், இல்லை அவமானத்தில் குறுகிப்போவான். பக்கத்து வீட்டில் ஹிந்தி நன்றாகத் தெரிந்த ஒரு அண்ணனைக் கூட்டிப் போங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் ஹிந்தி நோட்டீஸுக்கும் அவனைக் கூப்பிட வேண்டாம், கூகுள் லென்ஸைக் காட்டினால் தமிழில் ஓரளவு சொல்லிவிடும்.

பெரியவருக்கு அடுத்தது ஒரு கூட்டாளி. டெல்லிப் பள்ளி ஆண்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஏப்ரல் முதல் தேதி தொடங்கும், மே இரண்டாம் வாரத்தில் லீவு விட்டுவிடுவார்கள், ஜூன் முடிய விடுமுறை. ஏப்ரலில் ஆறு வாரம் பழகியதெல்லாம் லீவில் மறந்துபோகும். ஜூலை முதல் வாரத்தில்தான் யார் பக்கத்தில் யார், யாரோடு யார் நடந்து போவது என்பது உறுதியாகிறது. நீங்கள் இரண்டாம் வாரம் வந்தீர்கள். அதற்குள் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. குற்றமாகச் சொல்லவில்லை, ஊருக்குப் போய் வருவது உங்களுக்கு வருடத்தில் ஒரு முறை, ரயில் டிக்கெட்டும் லேசில் கிடைக்காது. அடுத்த வருடம் திரும்பும் டிக்கெட்டை ஜூன் 27, 28-க்குப் போடுங்கள். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஏப்ரல் கடைசியில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

இந்த வருடத்துக்கு என்ன செய்யலாம்? ஐந்தாம் வகுப்பில் கூடப் படித்த யாராவது அதே பள்ளியில் வேறு செக்ஷனில் இருப்பார்கள். வகுப்பு மாற்றித் தரச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் நடுவில் மாற்றுவது கஷ்டம். அது நடக்காவிட்டால் இடைவேளையில் எங்கே சந்திப்பது என்று இருவரும் ஓர் இடம் பேசிவைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு இட்லி போடுங்கள். ஐந்து பேர் நண்பராக வேண்டாம், ஒருத்தன் போதும்.

கிண்டல் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மதராசி’ என்று கூப்பிடுவார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பும் கூப்பிட்டார்கள், இன்றும் குறையவில்லை. பேரை மட்டும் வைத்துக் கிண்டல் என்றால் அவனுக்கு ஒரே ஒரு பதில் பழக்கிவிடுங்கள், சிரித்துக்கொண்டே ‘மேரா நாம் யே ஹை’ என்று பேரைச் சொல்வது. கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அடி, காசு பறிப்பது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது என்றால் கதை வேறு. ‘யாராவது அடிச்சாங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். ‘இன்னைக்கு ரீசஸ்ல எங்கே நின்னுட்டிருந்தே?’ ‘வீட்டுக்கு வரும்போது யார் கூட வந்தே?’ ‘எந்தப் பீரியட் சீக்கிரம் முடியணும்னு இருந்துச்சு?’ என்று கேளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, முகத்தைப் பார்க்காமல், துணி மடித்துக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. திடீரென்று வழியை மாற்றினால், ஜியாமெட்ரி பாக்ஸ் அடிக்கடி காணாமல் போனால், சட்டை கிழிந்து வந்தால் உடனே வகுப்பாசிரியரிடம், அங்கே நடக்காவிட்டால் பள்ளியின் துணை முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று பெரிய பையன்களை நீங்களே மிரட்டப் போகாதீர்கள், மறுநாள் அனுபவிப்பது உங்கள் பிள்ளை.

டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், பனிமூட்டமும் சேரும். ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வர விடாதீர்கள். மூன்று நான்கு பையன்கள் சேர்ந்து வரும் ஏற்பாட்டைத் தசராவுக்குள் செய்துவிடுங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். முதலில் ஒரு நிம்மதி. ஆறாம் வகுப்பில் ஃபெயில் என்று நிறுத்திவைக்க மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தப்படி நிறுத்திவைக்கும் பரீட்சை ஐந்திலும் எட்டிலும்தான். அதில் தவறினாலும் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு. ஐந்தைத் தாண்டிவிட்டான், எட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. செப்டம்பர் அரையாண்டுத் தேர்வில் மார்க் சரிந்தால் வீட்டில் அமளி வேண்டாம்.

மார்க்கைப் பார்க்குமுன் கண்ணைப் பாருங்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வயதில்தான் பல பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குகிறது. தாமதமாக வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று யாருக்குத் தெரியும்? கிச்சடிபூரில் இருக்கும் லால் பகதூர் சாஸ்திரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், ஒரு காலை போய்ச் சோதித்துக்கொண்டு வாருங்கள். நோட்டுகளையும் புரட்டுங்கள். பாதி வாக்கியத்தில் நின்றுபோன பக்கங்கள் நிறைய இருந்தால் பிரச்சினை எழுதும் வேகம். தொடக்கப் பள்ளியில் டீச்சர் காத்திருப்பார், இங்கே மணி அடித்தால் அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். தினமும் பத்து நிமிடம் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு மாதத்தில் கை ஓடும்.

ஹிந்தி விஷயம் இப்படி: அவன் பேசும் ஹிந்தி வேறு, ஆறாம் வகுப்புப் பாடத்தில் வரும் ஹிந்தி வேறு. புத்தகத்தில் சமஸ்கிருதச் சொற்கள் நிறைய. கூடவே மூன்றாவது மொழியும் ஆறில்தான் வருகிறது. ஐந்து வரை சுற்றுச்சூழல் என்று ஒரே பாடமாக இருந்தது இப்போது அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிந்துவிட்டது. 2024-ல் ஆறாம் வகுப்புக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களையே மாற்றிவிட்டார்கள், அதனால் தெருவில் பெரிய பையன்களின் அதற்கு முந்தைய கைடு வாங்கிப் புண்ணியமில்லை. தினம் ஒரு பத்தி ஹிந்தி சத்தமாக வாசிக்கட்டும், உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். கணக்கில் வாய்ப்பாடும் நீண்ட வகுத்தலும் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இரண்டும் இருந்தால் பின்னம், மைனஸ் எண் எல்லாம் மெல்ல ஏறும். இல்லாவிட்டால் எந்த டியூஷனும் ஏற்ற முடியாது.

வீட்டுப்பாடம் எவ்வளவு என்பதற்கும் அளவு உண்டு. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளிப்பை கொள்கை ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம் என்கிறது. ஆறாம் வகுப்புக்குப் பை 2 முதல் 3 கிலோ. எல்லாப் புத்தகத்தையும் தினமும் தூக்கிப் போகிறான் என்றால் அவனுக்குக் கால அட்டவணை பிடிபடவில்லை என்று அர்த்தம். அதைச் சுவரில் ஒட்டி, முதல் இரண்டு வாரம் நீங்களும் சேர்ந்து ராத்திரியே பையை அடுக்குங்கள். பிறகு விட்டுவிடுங்கள்.

அக்டோபர் கடைசி வரை இப்படிப் போய், ஹிந்தி மட்டும் எழவில்லை என்றால் அப்போது ஆள் வைக்கலாம். இருபது பேரை ஓர் அறையில் உட்கார வைக்கும் டியூஷன் வேண்டாம், தெருவில் கல்லூரி படிக்கும் பையன் ஒருவன் வாரம் மூன்று நாள் வந்தால் போதும். நவம்பரில் காற்று மாசு என்று பள்ளியை மூடி ஆன்லைன் வகுப்பு வைப்பார்கள், அதை இப்போதே மனதில் வையுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் உங்களோடு வேலைக்குப் போய்விட்டால் அவனுக்கு அந்த நாட்கள் அம்போ. நான் சொன்ன அந்த இன்னொரு பையன் வீடு அப்போதும் கைகொடுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு தூக்கம் கெட்டு, எடை குறைந்து, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டால், அல்லது ‘நான் இல்லாம போயிடணும்’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் காத்திருக்காதீர்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரைப் பாருங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

சேலத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது சொல்கிறேன். பையன் ஒரு மாற்றத்தில் தடுமாறுகிறான், அதற்கு மருந்தாக இன்னொரு பெரிய மாற்றமா? அங்கே பள்ளி ஜூனிலேயே தொடங்கிவிட்டது. தமிழ் கட்டாயப் பாடம், ஹிந்தி அரசுப் பள்ளியில் கிடையாது. வீட்டில் தமிழ் பேசுகிறான் சரி, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை வாசித்து எழுத வேண்டுமே. இங்கே ஹிந்தியில் பின்தங்கியவன் அங்கே தமிழில் பின்தங்குவான், அதுவும் அப்பா அம்மா இல்லாமல். பாட்டிக்கு ஆசை இருக்கும், அதற்காகச் செய்ய வேண்டாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்றால் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மந்திர் மார்க் போன்ற இடங்களில் இருக்கின்றன. யமுனையைத் தாண்டித் தினம் போய் வர முடியுமா என்று யோசித்து, போவதானால் அடுத்த ஏப்ரலில் போங்கள். நடு வருடத்தில் வேண்டாம்.

கேட்காத ஒன்று. மாற்றுச் சான்றிதழில் பையன் பேர், பிறந்த தேதி, ஆதாரில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகும் அன்றே சரிபார்த்துவிடுங்கள். நம் இனிஷியல் இங்கே எவருக்கும் புரியாது. ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஒரு இடத்தில் உங்கள் பேரே அவனுக்குக் குடும்பப் பேராக ஏறியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. பதிவு நடக்கும்போது பள்ளி ரிஜிஸ்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போகும். ஆறில் திருத்துவது ஒரு மனு. அதற்குப் பிறகு திருத்த அலைச்சல் அதிகம்.